எடிஃபையரா, எரிஸா, தனி ஆம்ப்பா: கையைக் கடிக்காத ஸ்டீரியோ ஸ்பீக்கர்

எங்கள் வீட்டுப் பழைய 2.1 ஸ்பீக்கர் செட் (இரண்டு சின்னப் பெட்டிகள், தாழ்ந்த ஒலியான பேஸுக்கு ஒரு பெரிய பெட்டி), போன மழைக்காலத்தில் கரண்ட் போய் வந்த ஒரு ராத்திரியோடு ஊமையாகிவிட்டது. இதற்கு இனிமேல் போர்டு கிடைக்காது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். அப்புறம் சில மாதங்கள் கையடக்க புளூடூத் ஸ்பீக்கர்தான். பாட்டு கேட்கலாம், ஆனால் இடது வலது என்ற பேச்சே கிடையாது. வயலின் ஒரு பக்கம், மிருதங்கம் இன்னொரு பக்கம், நடுவில் ஆள் உட்கார்ந்து பாடுவதுபோல் குரல் என்று பிரிந்து கேட்க வேண்டுமானால் இரண்டு பெட்டிகள் சில அடி இடைவெளியில் இருந்தே ஆக வேண்டும். ஒரே நீளப் பெட்டியாக வரும் சவுண்ட்பாரை நான் கணக்கில் சேர்க்காததும் இதனால்தான். டிவி வசனத்துக்கு அது போதும்.

தேடித் தேடிக் கடைசியில் மிஞ்சியவை மூன்று. எடிஃபையர் ஆர்1280 வகை, பிரிசோனஸ் எரிஸ் 3.5, அல்லது போல்க் டி15 மாதிரி உள்ளே ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி) இல்லாத ஒரு ஜோடியும் தனியாக ஒரு சின்ன ஆம்ப்பும். முதல் இரண்டின் அடிப்படை மாடல்கள் அமெரிக்காவில் 100 டாலரை ஒட்டி விற்பவை. இங்கே விலை கொஞ்சம் கூட, சலுகை நாட்களில் இறங்கும்.

எரிஸ் மேசைக்கான ஸ்பீக்கர். தாழ்ந்த ஒலிக்கு மூன்றரை அங்குல வூஃபர், உச்ச ஒலிக்கு ஒரு அங்குல ட்வீட்டர், பக்கத்துக்கு 25 வாட். கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு மூன்று அடியில் உட்கார்ந்து கேட்டால் இந்த விலையில் குரல் இவ்வளவு தெளிவாக வருவது ஆச்சரியம்தான், பாடகர் மூச்சு எடுப்பதுகூடக் கேட்கிறது. முன்பக்கம் ஹெட்ஃபோன் ஓட்டை, பின்பக்கம் சாதாரண சிவப்பு-வெள்ளை ஆர்சிஏ இணைப்போடு, இரைச்சலைத் தடுக்கும் பேலன்ஸ்டு இன்புட்டும் இருப்பதால் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) வைத்து ரெக்கார்டிங் செய்கிறவர்களுக்கு ரொம்ப வசதி. பேஸ்தான் குறை. கம்பெனியே 80 ஹெர்ட்ஸிலிருந்துதான் (எண் குறையக் குறைய ஒலி தாழும்) கணக்குச் சொல்கிறது, பேஸ் கிதாரின் தடித்த தந்தியோ 41 ஹெர்ட்ஸ். மேல் சுரங்களை வைத்து நம் காது அதை ஊகித்துக்கொள்ளும், ஆனால் நெஞ்சில் அந்த அதிர்வு வராது. ரிமோட் இல்லை, சாதா மாடலில் புளூடூத்தும் இல்லை. காற்று விடும் ஓட்டை பின்னால் இருப்பதால் சுவரோடு ஒட்டி வைத்தால் சத்தம் கொழகொழவென்று ஆகிவிடும்.

எடிஃபையர் நேர் எதிர். நாலு அங்குல வூஃபர், மொத்தம் 42 வாட், காற்று ஓட்டை முன்பக்கம், அதனால் ஷெல்ஃபில் சுவரை ஒட்டி வைத்தாலும் அவ்வளவு மோசமில்லை. பக்கவாட்டில் பேஸ், டிரெபிள் திருகுகள். ரிமோட்டும் உண்டு. ஆர்1280டியில் (R1280T) ஒயர் இணைப்பு மட்டும்தான்; டிபி (DB) என்று முடிவதில் புளூடூத்தோடு ஆப்டிக்கல், கோஆக்சியல் என்ற டிஜிட்டல் ஒலி இணைப்புகளும் சேரும், கூடுதலாகக் கொடுக்கிற காசு வீண் போகாது. குரலில் எரிஸ் அளவுக்கு நுணுக்கம் கிடையாது, மேல் சுரங்கள் கொஞ்சம் மழுங்கல், தாளத்தட்டு நிறைய வரும் பாட்டில் அது தெரிகிறது. ஆனால் மணிக்கணக்கில் கேட்டாலும் காது வலிப்பதில்லை.

மூன்றாவது வழிக்கு வருவோம். போல்க் டி15இல் ஐந்தேகால் அங்குல வூஃபர், ஆகவே பேஸில் மற்ற இரண்டும் பக்கத்தில் வர முடியாது. என் 2.1 கதை இங்கே நடக்காது. ஆம்ப் போனால் ஆம்ப்பை மட்டும் மாற்றலாம், பெட்டி அதுபாட்டுக்குப் பல வருஷம் ஓடும். ஒயருக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம், எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரே தாராளம். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இரண்டு பக்கமும் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு பக்கம் மாறினால் பேஸ் காணாமல் போய்விடும், ஸ்பீக்கரே மட்டம் என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு.

சிக்கல் ஆம்ப்பில். டிபிஏ3116 சிப் போட்ட கையளவு ஆம்ப்புகளின் அட்டையில் 100 வாட், 100 வாட் என்று போட்டிருப்பார்கள். 24 வோல்ட் அடாப்டரில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது கொடுப்பது 30 வாட்டை ஒட்டித்தான். 12 வோல்ட் அடாப்டரை மாட்டினால் 10 வாட்கூடத் தேறாது. அந்தக்கால டேப்ரெக்கார்டரில் பிஎம்பிஓ என்று வாட்டை ஆயிரக்கணக்கில் ஊதி எழுதினார்களே, அதே வித்தைதான். வீட்டுக்கு 30 வாட் போதும், அது வேறு விஷயம். ஆனால் நல்ல அடாப்டரோடு சேர்த்துக் கூட்டினால் மொத்தச் செலவு எடிஃபையரைத் தாண்டிவிடும்.

ஆக எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபெல் குறையும். இரண்டரை அடியிலிருந்து பத்து அடிக்குப் போனால் 12 டெசிபெல் போச்சு, அதை ஈடுகட்ட 16 மடங்கு வாட் வேண்டும். அறைக்குள் சுவர் எதிரொலிப்பதால் இவ்வளவு குறையாது, இருந்தாலும் மேசையில் அட்டகாசமாக இருந்த எரிஸ் ஹாலில் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

எங்கள் ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி, பாட்டு போனிலிருந்து, சாயந்தரம் டிவி. சரி, யோசிக்க ஒன்றுமில்லை என்று ஆர்1280டிபியை வாங்கிவிட்டேன். மேசையை விட்டு எழாதவராக இருந்தால் எரிஸ்தான் என்பேன். இன்னும் கொஞ்சம் காசு சேர்க்கப் பொறுமை உள்ளவருக்கு போல்க். ஆப்டிக்கலில் டிவியைச் சொருகிச் சத்தம் வரவில்லை என்றால் பதறாதீர்கள், டிவியின் ஆடியோ அமைப்பில் டால்பியை எடுத்துவிட்டு பிசிஎம் என்று மாற்றுங்கள் (இரண்டும் ஒலியை அனுப்பும் முறைகள், இந்த ஸ்பீக்கருக்குப் பிசிஎம்தான் புரியும்). எனக்கு அதற்கே அரை நாள் போனது.