செவ்வாய்ப்பேட்டையில் தைத்த லேஸ் பந்தும் 1928 மே 5-ஆம் நாளும்

சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில், செருப்பும் இடுப்புவாரும் பள்ளிப் பைகளும் தைத்துக் கொடுக்கும், பெயர்ப்பலகை இல்லாத சிறிய தோல் கடை ஒன்று இருக்கிறது. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் உருண்ட வகையைச் சேர்ந்த, வாயில் லேஸ் இழுத்துக் கட்டிய தோல் கால்பந்து ஒன்றை அங்கே சொல்லிச் செய்வித்தேன். விலை 3,400 ரூபாய். ஒரு மாதத்தில் தருவதாகச் சொன்னவர்கள் ஒன்றரை மாதத்தில் கொடுத்தார்கள். வாங்கிய அன்றே எழுதிவிடாமல், ஏற்காட்டில் ஒரு முழு ஆட்டம் ஆடி, நனைத்து, உலர்த்தி, மறுபடியும் ஆடிய பிறகே இதை எழுதுகிறேன். தோல் பந்தின் குணம் தண்ணீர் பட்ட பிறகுதான் தெரியவரும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு கோடையிலும் அவர்களை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்று ஒரு வாரம் முகாம் நடத்துவோம். இம்முறை முகாமின் நடுவில் மே 5 வந்தது. 1928-இல் அதே தேதியில், லிவர்பூல் நகரத்துக் குடிசன் பார்க் மைதானத்தில் இங்கிலாந்துக் கால்பந்து அணிகளான எவர்ட்டனும் ஆர்சனலும் ஆடிய ஆட்டத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். சொன்னது போதும், அந்த நாளின் விதிகளோடும் அந்த நாளின் பந்தோடும் ஒருமுறை ஆடியே பார்த்துவிடலாம் என்று தோன்றியதால்தான் பந்துக்கு அலைந்தேன்.

அந்த நாளை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருவத்தின் கடைசி ஆட்டம் அது. லீக் பட்டம் ஏற்கெனவே எவர்ட்டன் வசம் வந்துவிட்டிருந்தது. எனினும் அன்று கூடிய கூட்டத்துக்கு வேறொரு கணக்கு இருந்தது. முந்தைய பருவத்தில் மிடில்ஸ்பரோ அணியின் ஜார்ஜ் கேம்சல் லீக்கின் இரண்டாம் நிலைப் பிரிவான இரண்டாம் டிவிஷனில் 59 கோல்கள் அடித்து ஒரு சாதனை வைத்திருந்தார். எவர்ட்டனின் டிக்ஸி டீன், 21 வயது இளைஞர், அதற்கு முந்தைய ஆட்டத்தில் பர்ன்லிக்கு எதிராக நான்கு கோல்கள் அடித்து 57-இல் நின்றார். சாதனையைத் தாண்ட அவருக்கு மூன்று வேண்டும். ஆர்சனல் முதலில் கோல் அடிக்க, டீன் ஒன்றைத் திருப்பி அடித்தார்; பிறகு பெனால்டியில் இன்னொன்று அடித்து 59-ஐத் தொட்டார். ஆர்சனல் 2–2 என்று சமன் செய்தது; டீனுக்கோ அதன்பின் நெடுநேரம் எதுவும் வரவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது அலெக் ட்ரூப் அடித்த கார்னர் பந்தை டீன் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். அறுபது கோல்கள், 39 லீக் ஆட்டங்களில். பின்னர் ஆர்சனலும் ஒன்று அடித்து ஆட்டம் 3–3 என்று முடிந்தது. ஆர்சனலின் சார்லி பக்கனுக்கு அதுவே கடைசி ஆட்டம். அதே நாளில் கேம்சலின் மிடில்ஸ்பரோ தன் சொந்த மைதானத்தில் சண்டர்லண்டிடம் தோற்று, முதல் டிவிஷனிலிருந்து கீழிறங்கியது. சாதனையும் பறிபோய், அணியும் இறங்கிய அந்த மாலை கேம்சலுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைக்காத மே மாதம் இல்லை.

இப்போது பந்துக்கு வருகிறேன். கடைக்காரர் எழுபதை நெருங்கும் பெரியவர். நான் கொண்டுபோன படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். ஆறு பக்கங்கள், பக்கத்துக்கு மூன்று பட்டைகள், ஆக 18 தோல் பட்டைகள். அவற்றில் ஒரு பட்டையில் பிளாடர் எனும் உட்காற்றுப் பை நுழைவதற்கான பிளவு, அதன் இருபுறமும் லேஸ் துளைகள். "ஒரே மாட்டுத் தோலாக இருந்தால் போதுமா ஐயா?" என்று கேட்டேன். "போதாதுங்க சார். முதுகுப் பக்கத்துத் தோலா எடுக்கணும். வயித்துத் தோலு இழுபட்டுக்கிட்டே போகும், பத்து நாள்ல பந்து பூசணிக்கா ஆயிருமுங்க" என்றார். ஏன் பழைய தோல் பந்துகள் பல கோணிப்போகின்றன என்பதற்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான விளக்கம் அதுதான்.

தோல் ஆவாரம் பட்டையில் பதனிட்டது. ஆவாரை நம் சேலத்து வறட்டுக் காடுகளில் தானாக வளர்ந்து பூத்துக் கிடக்கும் செடி. அதன் பட்டையைக் கொண்டு பதனிட்ட தோல் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போன காலமும் டீன் ஆடிய காலமும் ஒன்றே. இப்போது பெரும்பாலும் வேறு பட்டைகளும் ரசாயனங்களும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. பெரியவர் தேடிப் பிடித்து வாங்கிய அந்தத் தோலின் வெளிர் மஞ்சள் நிறமும், கையில் எடுத்தவுடன் எழும் பட்டை வாசமும் இந்தப் பந்தின் முதல் சிறப்பு.

தையல் அதைவிடச் சிறப்பு. பட்டைகளை நனைத்து, நன்றாக இழுத்து, உலர்த்தி, அதன்பின்தான் வெட்டினார். பந்தை உட்புறம் வெளியே தெரியும்படி வைத்துக் குத்தூசியால் துளையிட்டு, மெழுகு ஏற்றிய நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டு பக்கமிருந்தும் இழுத்து இறுக்குகிறார். பதினெட்டுப் பட்டைகளும் சேர்ந்த பிறகு, பிளவின் வழியாக முழுப் பந்தையும் உள்வெளியாகப் புரட்ட வேண்டும். அந்த ஒரு வேலைக்கு அவருக்கும் அவருடைய மகனுக்குமாகச் சேர்ந்து அரை மணி நேரம் பிடித்தது. பிறகு பிளாடரை நுழைத்து, அதன்மேல் லேஸ் உராயாதபடி தோல் நாக்கு ஒன்றைச் செருகி, காற்றடித்து, லேஸை இழுத்துக் கட்டுகிறார். மூன்று நாள் தொடர்ந்து ஆடியும் ஒரு தையல்கூட விடவில்லை.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய பந்து இன்றைய பந்தைவிடக் கனமானது என்று எல்லோரும் சொல்கிறார்கள். 1928-இல் நடப்பிலிருந்த விதிப்படி பந்தின் எடை 13 முதல் 15 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 368 முதல் 425 கிராம். 1937-இல்தான் அது 14 முதல் 16 அவுன்ஸாக உயர்ந்தது. இன்றைய அளவும் ஏறக்குறைய அதுவே. ஆகவே உலர்ந்த நிலையில் டீன் முட்டிய பந்து இன்றைய பந்தைவிட இலேசாகவே இருந்திருக்கலாம். வேறுபாடெல்லாம் தோல் குடிக்கும் தண்ணீரில் இருக்கிறது. எங்கள் பந்து கடையிலிருந்து வந்தபோது 431 கிராம் இருந்தது. சுற்றளவு விதிக்குள் அடங்கிய 70 சென்டிமீட்டர். எடையில் ஆறு கிராம் கூடுதல் என்பதை ஒரு குறையாகவே குறித்துக்கொண்டேன்; பெரியவரிடம் சொன்னபோது அடுத்த பந்துக்குத் தோலை இன்னும் சீவித் தருவதாக ஒப்புக்கொண்டார்.

பந்து வாங்குபவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு: சேலத்தில் முழுக் காற்று அடித்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், மேலே காற்றழுத்தம் குறைவதால் பந்து இறுகி லேஸ் தெறிக்கப் பார்க்கும். நாங்கள் அதை ஏற்காடு போய்ச் சேர்ந்த பிறகு லேஸ் துளைகளின் விரிவைப் பார்த்துத்தான் உணர்ந்தோம். காற்றை மலைமேல் அடிப்பதே நல்லது.

மே 5 அன்று பிள்ளைகள் எண் இல்லாத சட்டை அணிந்து இறங்கினார்கள். லீக் ஆட்டத்தில் முதன்முதலாக எண்கள் தோன்றியது அதே 1928-இன் ஆகஸ்ட் மாதத்தில்தான். மாற்று ஆட்டக்காரர் யாரும் இல்லை. லீக்கில் அது 1965-இல் வந்த ஏற்பாடு. ஆஃப்சைடு விதியை மட்டும் அவர்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை. பந்தைப் பெறும் ஆட்டக்காரருக்கும் எதிரணிக் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும் என்பது 1925-இலேயே இருவர் என்று குறைக்கப்பட்டுவிட்டது. அந்த ஒரு மாற்றத்தால் லீக்கின் மொத்தக் கோல்கள் ஒரே பருவத்தில் 4,700-இலிருந்து 6,373-ஆக உயர்ந்தன. டீனும் கேம்சலும் பிறந்து வளர்ந்தது அந்த விளைச்சலில்தான்.

முதல் பாதியில் வெயில். பந்து புல்லில் அழகாக உருண்டது. ஓசை மட்டும் பிளாஸ்டிக் பந்தின் ஓசையல்ல, கனத்த கதவைத் தட்டியது போன்ற ஓசை. இடைவேளையில் ஏரிப் பக்கமிருந்து மேகம் ஏறி, கோடை மழை இருபது நிமிடம் பெய்தது. அதன்பின் ஆட்டமே மாறிவிட்டது. நீண்ட பாஸ்கள் பாதியில் விழுந்தன. கார்னர் அடித்த பையன் முழு பலத்தோடு உதைத்தும் பந்து அருகிலுள்ள கம்பத்தைக்கூடத் தாண்டவில்லை. ஆட்டம் முடிந்ததும் துடைத்து நிறுத்தேன்: 540 கிராம். ட்ரூப் குள்ளமான மனிதர் என்று படித்திருக்கிறேன். அவர் கோலுக்கு முன்னால் டீனின் தலைக்கே பந்தை அனுப்பியது என்ன திறமை என்று அன்று என் பிள்ளைகளுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தலையால் முட்டுவதை மட்டும் நான் அனுமதிக்கவில்லை. இங்கிலாந்தின் முன்னாள் ஆட்டக்காரர் ஜெஃப் ஆஸ்லின் மரணத்துக்கு, பந்தைத் திரும்பத் திரும்பத் தலையால் முட்டியதால் நேர்ந்த மூளைச் சிதைவே காரணம் என்று 2002-இல் அங்கே விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். நனைந்த தோல் பந்தைக் கையில் ஏந்திப் பார்த்தவர்கள் அந்தத் தீர்ப்பை ஐயப்பட மாட்டார்கள். இதை வாங்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறைகள் இன்னும் இரண்டு உண்டு. பிளாடரின் வால்வு லேஸுக்கு அடியில் மறைந்திருப்பதால் ஒவ்வொரு முறை காற்றடிக்கவும் லேஸை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. லேஸின் முடிச்சு அரை விரல் உயரத்துக்குத் துருத்தி நிற்கிறது. கோல்கீப்பருக்கு உள்ளங்கை சிராய்த்துவிட்டது. முடிச்சை உள்ளே செருகி முடிக்கும்படி ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். தாமதத்தைப் பற்றி முன்கூட்டியே ஒரு தகவல் சொல்லியிருந்தால் நான் நான்கு முறை நடந்திருக்க வேண்டியதில்லை.

தினசரிப் பயிற்சிக்கு இந்தப் பந்து ஏற்றதல்ல. பள்ளி விளையாட்டு விழாவுக்கோ, பழைய ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குக் கண்முன் காட்டவோ விரும்புபவர்களுக்கு 3,400 ரூபாய் முழுவதும் தகும். நனைந்தால் வெயிலில் காயப்போடாமல் நிழலில் இரண்டு நாள் வைத்து, தேன்மெழுகும் எண்ணெயும் கலந்து தையல்களின்மேல் தடவ வேண்டும் என்பது பெரியவரின் அறிவுரை. அப்படியே செய்தேன், மூன்றாம் நாள் எடை 436 கிராமுக்கு இறங்கியிருந்தது. அடுத்த ஆண்டுக்காக இன்னொரு பந்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், இம்முறை மூன்று மாதம் முன்னதாகவே.