கோப்புக்கு ஃபார், வரிக்கு வைல்

மண்டபத்தில் இறால் எடுக்கும் ஒரு கம்பெனியின் கணக்கு லினக்ஸில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்டுக்கு அங்கே இரண்டு வேலை: படகுத்துறைவாரியாகவும் மாதவாரியாகவும் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாக எடுப்பது, அப்புறம் ஒவ்வொன்றையும் வரி வரியாகப் படிப்பது. இரண்டுக்கும், பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்து ஓடும் ஃபார் (for) லூப்பே போதும் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். போதாது.

கோப்புகளுக்கு ஃபார்தான் சரி. ஆனால் கோப்புப் பெயர்களைக் காட்டும் எல்எஸ் (ls) கட்டளை தரும் பட்டியலை அதற்குக் கொடுக்கக் கூடாது. ‘பாம்பன் தெற்குவாடி’ என்ற கோப்பு அப்படிப் போனால் இடைவெளியில் உடைந்து, இல்லாத இரண்டு கோப்புகளாகிவிடும். எந்தப் பெயருக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறியை (*) நேராகக் கொடுத்தால் பெயர் முழுசாக வரும்; லூப்புக்குள் அந்தப் பெயரைத் தாங்கும் மாறியை இரட்டை மேற்கோளுக்குள் வைக்க மட்டும் மறக்கக் கூடாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகா. மே மாதக் கோப்பே இருக்காது. அப்போது ‘மே*’ என்று கொடுத்தால் லூப் சும்மா இருக்காது. அந்த எழுத்துகளையே கோப்புப் பெயராக எடுத்துக்கொண்டு ஒருமுறை ஓடும். பாஷ் (bash) என்ற ஷெல்லில், பொருந்தும் கோப்பு இல்லையென்றால் லூப்பை ஓடவிடாத நல்குளோப் (nullglob) அமைப்பைப் போட்டுவிடுங்கள், அல்லது கோப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்அடைவுகளுக்குள்ளும் போக வேண்டுமென்றால் ஃபைண்ட் (find) கட்டளை.

வரிகள் என்று வந்தால் ஃபாரை நம்பவே முடியாது. ‘வெள்ளை இறால் 40 *’ என்று ஒரு வரி. நட்சத்திரம் என்றால் பணம் பாக்கி. கோப்பில் உள்ளதை அப்படியே வெளியிடும் கேட் (cat) வழியாக ஃபாருக்குக் கொடுத்தால் சொல் சொல்லாக உடையும், நட்சத்திரமோ அந்த அடைவிலுள்ள எல்லாக் கோப்புப் பெயராகவும் விரியும். பாக்கி யாருக்கு என்று எப்படித் தெரியும்?

படிக்க வரி உள்ளவரை ஓடும் வைல் ரீட் (while read) லூப் வரியை வரியாகவே தரும். சொற்களை எங்கே பிரிப்பது என்று சொல்லும் ஐஎஃப்எஸ் (IFS) மாறியை வெறுமையாக்கினால் வரியின் முன்பின் இடைவெளி தங்கும். ரீடுக்கு ஆர் (-r) விருப்பம் கொடுத்தால் பின்சாய்வுக் கோடு தங்கும். கோப்பை, லூப்பை முடிக்கும் டன் (done) சொல்லுக்குப் பக்கத்தில் ‘<’ போட்டுக் கொடுங்கள். கேட்டிலிருந்து பைப் (|) போட்டால் பாஷ் வழக்கமாக லூப்பைத் துணை ஷெல்லில், அதாவது தனிப் பிரதியில், ஓட்டும். உள்ளே கூட்டிய கிலோ வெளியே வரும்போது பூஜ்ஜியம்.

கூட்டல் மட்டும்தான் வேலை என்றால் லூப்பே வேண்டாம், ஆக் (awk) கட்டளை வேகமாக முடிக்கும். வைல், வரிக்கு ஒரு கட்டளை ஓட்டும் வேலைக்கு. அந்தக் கட்டளை, வேறு கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் (ssh) என்றால் அதன் உள்ளீட்டை, எப்போதும் வெறுமையான டெவ் நல்லிலிருந்து (/dev/null) கொடுங்கள். இல்லாவிட்டால் மிச்ச வரிகளை அது விழுங்கிவிடும், லூப் முதல் வரியோடு நின்றுவிடும்.