அக்ரிலிக் பெட்டி செய்யக் கொடுக்கிறீர்களா? மாடலை உள்ளே வைத்து ஒட்ட விடாதீர்கள்

பெங்களூரில் துண்டு துண்டாகப் பொருத்திக் கட்டும் பெரிய லெகோ பொம்மை வண்டிகளைக் கட்டி முடித்துவிட்டு, அதற்குக் கண்ணாடி மாதிரி இருக்கும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் ஒரு பெட்டி செய்யலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெட்டிக்காரர் உங்கள் வீட்டுக்கு வந்து, மாடலைச் சுற்றிப் பலகைகளை நிறுத்தி அங்கேயே பசை போடுகிறேன் என்றால் வாசலிலேயே தடுத்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, அங்கே பேசவேண்டியதை அங்கே பேசிக்கொள்கிறேன்.

என்னுடையது 1989-ல் வந்த 'பேட்மேன்' படத்தின் பேட்மொபைல். அந்தப் படத்தின் கலை இயக்குநர் ஆன்டன் ஃபர்ஸ்ட் வடிவமைத்த நீள மூக்குக் கருப்பு வண்டி. படப்பிடிப்புக்கு நிஜத்தில் செவ்ரோலே இம்பாலாவின் அடிச்சட்டத்தின் மேல் கட்டினார்கள். லெகோ 2019-ல் இதை 3,306 துண்டுகளில் கொண்டுவந்தது. நீளம் 60 சென்டிமீட்டர். மேல்மூடி முன்னால் நழுவித் திறக்கும், பின்னால் இருக்கும் புகைபோக்கியைத் திருகினால் முன்பக்கம் இரண்டு துப்பாக்கிகள் எழும்பும். சுழலும் மேடை ஒன்றும் கூடவே வரும். இந்த செட் இப்போது தயாரிப்பில் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா கொண்டுவந்து கொடுத்தது. நான், மனைவி, மகள் மூன்று பேரும் சேர்ந்து கட்டினோம்.

பளபளக்கும் கருப்பு என்பதால் ஒரு தூசி விழுந்தாலும் தெரியும். நாங்கள் இருப்பது மாரத்தஹள்ளி பக்கம், வெளிவட்டச் சாலையில் மெட்ரோ வேலை நடக்கிற இடம். காலையில் துடைத்தால் மாலையில் மறுபடி மண். வண்டியின் பின்னால் நிற்கும் சிறகுகளுக்கு நடுவே தூரிகை விட்டுத் துடைப்பது பெரிய பாடு. பெட்டி இல்லாமல் முடியாது என்று ஆனது.

கடைக்காரர் தமிழில்தான் பேசினார். "நம்ம ஊரு ஆளு சார் நீங்க, உங்களுக்குப் போய் மட்டமான சாமான் போடுவேனா?" என்றார். 5 மில்லிமீட்டர் காஸ்ட் (அச்சில் வார்த்த) அக்ரிலிக், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ரகம், பின்பக்கம் கதவு, பட்டறையிலேயே ஒட்டிக் காயவைத்து எடுத்து வருவது என்று பேச்சு. மொத்தம் 16,500 ரூபாய், முன்பணம் 10,000. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கியிருந்தேன். அளவையும் நானே கொடுத்தேன். வண்டி மேடையில் சுழல வேண்டும் அல்லவா? 60 நீளமும் கிட்டத்தட்ட 22 அகலமும் உள்ள வண்டி முழுதாக ஒரு சுற்று வர மூலைக்கு மூலை 64 சென்டிமீட்டர் கேட்கும். அதனால் உள்ளளவு 66-க்கு 66 என்று எழுதினேன்.

வந்தது 66-க்கு 35. "டிஸ்ப்ளே கேஸ்னா நிக்கிறதுக்குத்தான் சார், சுத்துறதுக்கு யாரு பண்ணுவா?" என்று அப்புறம் ஃபோனில் சொன்னார். சதுரமான பெட்டிக்கு வாங்கிய காசில் பாதி அகலத்துக்குப் பெட்டி. இதுகூடப் போகட்டும்.

பலகைகள் ஒட்டாமலே வந்திறங்கிய நேரம் நான் அலுவலகத்தில் இருந்தேன். வீட்டில் மாமனார் மட்டும். ஒரு சின்னப் பையனை அனுப்பியிருந்தார்கள், முகக்கவசம்கூட இல்லை. அவன் பலகைகளை வண்டியைச் சுற்றி நிறுத்த ஆரம்பித்ததும், "தம்பி, வண்டியை அந்தாண்ட எடுத்து வெச்சிட்டு ஒட்டுப்பா" என்று மாமனார் சொல்லியிருக்கிறார். பையன் முதலாளிக்கு ஃபோன் போட்டான். தூக்கினால் துண்டு கழன்று விழும், பழி நம் மேல் வரும், அப்படியே ஒட்டு என்று பதில். ஊசிக் குழாயால் மூட்டுகளில் க்ளோரோஃபார்ம், மூலைகளிலும் கதவுக் கீலிலும் சூப்பர் க்ளூ. மேலே பலகையை மூடி டேப் ஒட்டி, மறுநாள் வரை திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை. சொன்னதைச் செய்தான், அந்த ஆவியையும் அவன்தான் சுவாசித்தான்.

இங்கே பட்டறைகளில் அக்ரிலிக் ஒட்ட க்ளோரோஃபார்ம் போடுவது வழக்கம். அது பசை இல்லை. பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றோடொன்று இணைய வைக்கும். லெகோ துண்டுகள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதையும் இதே க்ளோரோஃபார்ம் கரைக்கும். மேல் மூட்டிலிருந்து சொட்டிய துளிகள் இடது பின்சிறகின் மேல் விழுந்து, துண்டுகளுக்கு இடையிலுள்ள இடுக்கில் இழுத்துக்கொண்டு போய், மூன்று நான்கு துண்டுகளை ஒரே கட்டியாக்கிவிட்டன. பிரிக்கவே முடியாது. ஒரு துளி முன்கண்ணாடியில் பட்டிருக்கிறது. அதில் நூல் நூலாக வெடிப்பு.

சூப்பர் க்ளூ செய்தது இன்னொரு கூத்து. அது காயும்போது வரும் ஆவி, ஈரப்பதம் உள்ள இடத்தில் வெள்ளைப் படலமாகப் படியும். கைரேகையின் மேல் அது இன்னும் நன்றாகப் பிடிக்கும். போலீஸ் தடயவியல் ஆய்வகங்களில் கண்ணுக்குத் தெரியாத கைரேகையை வெளிக்கொண்டுவர இதே பசையின் ஆவியைத்தான் மூடிய பெட்டிக்குள் விடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் மூடிய பெட்டி, மழைக்கால ஈரம், பசை ஆவி மூன்றும் கச்சிதமாக அமைந்தன. மறுநாள் திறந்தால் வண்டி முழுக்கச் சாம்பல் பூத்தமாதிரி, அதன் நடுவே எங்கள் மூவரின் விரல் ரேகைகளும் வெள்ளை வெளேரென்று. வலது பக்கச் சக்கர வளைவை யார் கட்டினார்கள் என்ற பழைய சண்டை அன்றைக்குத் தீர்ந்தது. மகளுடைய ரேகை.

கடைக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். முதலில் தூசி என்றார். அப்புறம், ஒரு வாரத்தில் தானாக ஆவியாகிவிடும் என்றார். படிந்து இறுகிவிட்ட பசை எங்கே ஆவியாவது? கடைசியில், "நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டுத் துடைங்க சார், பளிச்னு ஆயிடும்" என்றார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோனும் ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். படலம் போகும், கூடவே துண்டின் மேல்தோலும் போகும். நான் 40 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் மிதமான சோப்புப் போட்டுக் கழுவினேன். லெகோ துண்டுகளுக்கு அதுதான் பாதுகாப்பான சூடு. வழவழப்பான துண்டுகளில் மென்துணியால் தேய்த்தபோது ஓரளவு போனது. துண்டுகளின் மேலிருக்கும் குமிழ்களுக்கு நடுவிலும் சிறகின் மடிப்புகளிலும் அப்படியே இருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்ட பிறகு என் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் பலகையின் கனத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். 5 மில்லிமீட்டர் என்றது 3 மில்லிமீட்டர். மேல்பலகை நடுவில் தொய்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான். புற ஊதாத் தடுப்பும் பொய். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று வாங்குங்கள். இருட்டில் ரூபாய் நோட்டின் வரிசை எண் மேல் அடித்தால் எண் ஒளிரும். இடையில் அக்ரிலிக் பலகையைப் பிடித்த பிறகும் அதேபோல் ஒளிர்ந்தால் அது தடுப்பு ரகம் இல்லை. என் கருப்பு வண்டிக்கு இது அவ்வளவு முக்கியமில்லைதான், ஆனால் வெள்ளையும் வெளிர் சாம்பலுமாக இருக்கும் மாடல்கள் வெயிலில் மஞ்சளடிக்கும். அவற்றை வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கெட்டுப்போன துண்டுகளைத் தனித்தனியாக வாங்க பிரிக்லிங்க் என்ற இணையச் சந்தை இருக்கிறது. 2019 முதல் அது லெகோவின் கையிலேயே இருக்கிறது. கருப்புத் துண்டுகள் சல்லிசாகக் கிடைத்தன. முன்கண்ணாடிதான் ஐரோப்பாவிலிருந்து வரவேண்டியிருந்தது, துண்டின் விலையைவிடத் தபால் செலவும் வரியும் அதிகம். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-ல் 70 ஆனது. உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பது இந்த ஊரில் நடக்கிற காரியமில்லை.

புதுப் பெட்டியை வேறு இடத்தில் செய்தேன். பட்டறையிலேயே ஒட்டி, மூக்கை உள்ளே விட்டால் வாசனையே இல்லை என்கிற வரை திறந்துபோட்டுக் காயவைத்து, அப்புறம்தான் வீட்டுக்குள் விட்டேன். அடித்தட்டு தனி, மேலே கவிழ்க்கும் மூடி தனி. வண்டியைத் தட்டில் வைத்து மூடியைக் கவிழ்த்தால் போதும், கதவும் கீலும் தேவையே இல்லை. கேட்டால் எந்தப் பட்டறைக்காரரும் செய்து கொடுப்பார். கீலுக்குத் தனியாக 1,200 ரூபாய் வாங்கியிருந்தார் பழைய ஆள் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

புகார் விஷயம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், கடைக்காரர் பதிலே சொல்லவில்லை. பிறகு நுகர்வோர் மனுக்களுக்கு அப்போது இருந்த இ-தாக்கில் என்ற அரசு இணையதளம் வழியாக (2025 முதல் அதற்குப் பதில் இ-ஜாக்ரிதி) மாவட்ட ஆணையத்தில் மனு போட்டேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். ஜிஎஸ்டி பில் தரவில்லை அவர். ஆனால் 5 மில்லிமீட்டர், காஸ்ட், பட்டறையில் ஒட்டுவது என்று அவரே எழுதிய வாட்ஸ்அப் செய்திகளும் யுபிஐ ரசீதுகளும் வெர்னியர் படமும் இருக்கின்றன. பழைய பெட்டியின் பலகைகளையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் நடுவில், அந்தக் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் என் வண்டியின் படம் மாதிரி வேலையாகப் போடப்பட்டிருக்கிறது. ஒட்டி முடித்த கையோடு பையன் எடுத்தது, படலம் பூப்பதற்கு முன்னால். பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. யாரிடம் பெட்டி செய்யக் கொடுத்தாலும், பழைய வாடிக்கையாளர் ஒருவர் சில வாரம் கழித்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.