ஒரே கம்பியா, நடுவில் ஒரு பெரிய அலுவலகமா?

தந்திக் காலத்தில் அமெரிக்க ரயில் பாதைகளில் பல ஸ்டேஷன்களுக்கும் சேர்த்து ஒரே தந்திக் கம்பிதான் இருந்தது. ஒருவர் அடித்தால் எல்லா ஸ்டேஷனிலும் டக் டக் என்று கேட்கும். செய்தி யாருக்கு என்று சொல்ல ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஓரிரு எழுத்தில் அழைப்புக் குறி உண்டு. அனுப்புகிறவர் அந்தக் குறியைத் திரும்பத் திரும்பத் தட்டுவார், கூடவே தன் குறியையும் சேர்ப்பார். உரியவர் ‘ஐ ஐ’ என்று, அதாவது மோர்ஸ் தந்தி மொழியில் இரண்டிரண்டு புள்ளியாக அடித்து, தன் குறியைச் சொன்னதும் செய்தி கிளம்பும். மற்றவர்கள் தங்கள் பாட்டுக்கு வேலை பார்ப்பார்கள். காது மட்டும் விழித்திருக்கும்.

ஆனால் ஒரு நேரத்தில் ஒரு செய்திதான் போகும். யாராவது தன் தந்திச் சாவியின், அதாவது செய்தி தட்டும் கருவியின், மின்சுற்றை மூட மறந்தால் மொத்தக் கம்பியும் செத்துவிடும். ரகசியம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

லண்டனில் 1874-ல் செயின்ட் மார்ட்டின்ஸ்-லே-கிராண்டில் திறந்த மத்தியத் தந்தி அலுவலகத்தின் வழி வேறு. பல ஊர்க் கம்பிகளும் அங்கே வந்து சேரும். வந்த செய்தியை ஒருவர் தாளில் எழுதுவார். முகவரியைப் பார்த்து அது உரிய ஊரின் மேசைக்குப் போகும். அங்கே இன்னொருவர் மறுபடி அடிப்பார். நகரக் கிளை என்றால் காற்றழுத்தக் குழாயில் தாளே போய்விடும். நெரிசலை இது தாங்கும். ஆனால் கை மாறும் ஒவ்வொரு முறையும் தாமதம், பிழை நேரவும் வாய்ப்பு.

செய்தி குறைவாகப் போகும் பாதைக்கு நான் முதல் முறையைத்தான் சொல்வேன். ரயிலை நிறுத்தச் சொல்லும் உத்தரவை வழியிலுள்ள ஸ்டேஷன்களும் கேட்பது பெரிய பாதுகாப்பு. லண்டன் மாதிரி ஊருக்கு அது கட்டுப்படியாகாது.