மோடம் காலத்து விளம்பரம்: எது ஆர்டர் தந்தது, எது நேரத்தைத் தின்றது

பழைய ஃபிலிம் கேமராக்களைப் பழுது பார்ப்பதும், அவற்றுக்கு வேண்டிய சின்னச் சின்ன உதிரிபாகங்களைத் தபாலில் அனுப்புவதும் என் தொழில். முதலாளி, வேலையாள் எல்லாம் நான் ஒருத்தன்தான். 1996 முதல் இந்தத் தொழிலுக்காக இணையத்தில் புதிதாக வந்த விளம்பர வழிகளில் பெரும்பாலானவற்றைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல இன்று இல்லை. அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் மினுக்கும் எழுத்துகள், 'பணி நடக்கிறது' என்று மண்வெட்டியோடு நிற்கும் குட்டிப் படம் ஆகியவற்றைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வியாபாரம் வந்ததா என்ற கேள்வியை யாரும் தொடுவதில்லை.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரோ ஒருவருடைய குறிப்பான சந்தேகத்துக்கு முழுசாகப் பதில் எழுதி வைத்ததுதான் ஆர்டராகத் திரும்பி வந்தது. மற்றதெல்லாம் அந்தப் பதில் இருக்கும் இடத்துக்கு ஆளைக் கூட்டிவரும் வழிகள். சில நல்ல வழிகள், சில முட்டுச்சந்துகள்.

தலைப்பு வாரியான குழுக்களில் ஆட்கள் செய்தி எழுதிப் பேசிக்கொண்ட யூஸ்நெட்டிலிருந்து தொடங்குகிறேன், என் முதல் வாடிக்கையாளர்கள் அங்கிருந்து வந்தவர்கள் என்பதால். அங்கே விளம்பரம் என்றாலே ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. இணையத்தின் முதுகெலும்பாக இருந்த என்.எஸ்.எஃப்.நெட் ஆராய்ச்சிக்கும் கல்விக்குமான வலையமைப்பு. வியாபாரத்துக்கு அதில் அனுமதி கிடையாது. 1995 ஏப்ரலில்தான் அது மூடப்பட்டு, போக்குவரத்து முழுவதும் தனியார் வலையமைப்புகளுக்குப் போனது. அதற்கு ஒரு வருடம் முன்பு, லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்ற அமெரிக்க வழக்கறிஞர் தம்பதி தங்கள் கிரீன் கார்டு சேவைக்கான விளம்பரத்தை ஆயிரக்கணக்கான யூஸ்நெட் குழுக்களில் கொட்டிவிட்டார்கள். கொதித்துப்போனவர்கள் அனுப்பிய மின்னஞ்சல்களைத் தாங்க முடியாமல், அந்தத் தம்பதிக்கு இணைப்பு கொடுத்திருந்த நிறுவனத்தின் சர்வர் திரும்பத் திரும்பப் படுத்துவிட்டது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் நான் உள்ளே வந்தேன். 'என்னிடம் உதிரிபாகம் கிடைக்கும்' என்று தனியாக ஒரு செய்தி போட்டால் திட்டு நிச்சயம். ஆனால் பதில் எழுதலாம். பதிலுக்குக் கீழே நான்கு வரியில் கையொப்பம் வைக்கலாம். ஐந்தாவது வரி போனால் முறைப்பார்கள். அந்த நான்கு வரிக்குள் தொழிலின் பெயர், என்ன செய்கிறேன், மின்னஞ்சல், தள முகவரி எல்லாம் அடங்க வேண்டும்.

35 மி.மீ. கேமராக்களுக்கான குழுவில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. பின்மூடியைத் திறந்தால் கருப்பாக ஏதோ கையில் ஒட்டுகிறது, அது என்ன? 1960கள் முதல் 80கள் வரை வந்த, லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமராக்களில் வெளிச்சம் உள்ளே கசியாமலிருக்கப் பாலியூரிதேன் நுரைப்பட்டை ஒட்டியிருப்பார்கள். காலப்போக்கில் அது சிதைந்து பிசுபிசுவென்று ஆகிவிடும். அதை எதனால் சுரண்டுவது, ஆல்கஹால் எங்கே படலாம், எங்கே படக்கூடாது, புதுப் பட்டை என்ன தடிமனில் வேண்டும் என்று ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுவேன். தொழில் நுணுக்கத்தையெல்லாம் சொல்லிவிட்டால் அப்புறம் உன்னிடம் யார் வருவார்கள் என்று தெரிந்தவர்கள் கேட்டார்கள். நடந்தது நேர்மாறு. கைவேலை வருகிறவர்கள் அளவாக வெட்டிய பட்டைகளை என்னிடம் வாங்கினார்கள். படித்து முடித்ததும் இது நம்மால் ஆகாது என்று புரிந்துகொண்டவர்கள் கேமராவையே அனுப்பினார்கள்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்றும் இருந்தது. 1995-இல் வந்த டெஜா நியூஸ், யூஸ்நெட் செய்திகளைச் சேமித்துவைத்துத் தேடவும் வழி செய்தது. 2001-இல் அந்தக் களஞ்சியத்தைக் கூகுள் வாங்கியது. அதனால் நானே மறந்துபோன பழைய பதில்களைப் படித்துவிட்டுப் பல வருடம் கழித்து ஆட்கள் வந்தார்கள். நஷ்டம் என்றால், கையொப்பத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியை ஸ்பேம் கும்பல்களின் நிரல்கள் பொறுக்கிக்கொண்டு போனதுதான். அந்த முகவரிக்கு இன்றும் வந்து சேரும் குப்பையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

அடைவுகளைப் (டைரக்டரி) பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களாக இருக்கும்போது 1994-இல் தொடங்கிய யாஹூ, ஆரம்பத்தில் மனிதர்கள் வகை பிரித்து வைத்த தளப் பட்டியல். ஒரு வகைக்குள் ஆங்கில அகரவரிசை. அதனால்தான் அந்தக் காலத்துக் கம்பெனிப் பெயர்கள் பல 'ஏஏஏ' என்றோ ஓர் எண்ணிலோ தொடங்கும். 1999-இல் விரைவாகப் பரிசீலிக்க 199 டாலர் கட்டணம் வந்தது. பிறகு வணிகத் தளங்களுக்கு அது வருடத்துக்கு 299 டாலராக மாறியது. ஒரு ஆள் தொழிலுக்கு அது கட்டுப்படியாகாது. 1998-இல் தன்னார்வலர்களைக் கொண்டு தொடங்கிய ஓப்பன் டைரக்டரி இலவசமாக இருந்தது. அதன் தரவை மற்ற தளங்களும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால், ஒரு இடத்தில் பெயர் ஏறினால் தெரியாத இடங்களிலெல்லாம் நகல் முளைக்கும். அடைவு வழியாக வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் வாங்கும் எண்ணத்தோடு வந்தார்கள். குறை சொல்ல மாட்டேன்.

ஆட்டத்தை மாற்றியது 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா என்ற தேடுபொறி. பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் அது குறித்துக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்டவர்கள் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக நூறு சொற்களை ஒளித்துவைத்தார்கள். பக்கத்தில் தெரியாமல் நிரலுக்குள் மட்டும் இருக்கும் மெட்டா குறிச்சொல்லில் சம்பந்தமே இல்லாத நடிகைகளின் பெயரைத் திணித்தார்கள். ஐந்நூறு தேடுபொறிகளில் உங்கள் தளத்தைச் சேர்த்துத் தருகிறோம் என்று காசு வாங்குகிறவர்களும் கிளம்பினார்கள். அந்த ஐந்நூறில் மக்கள் உண்மையில் பயன்படுத்தியவை பத்து தேறாது. தானியங்கி நிரல்கள் முகவரிகளைக் கொண்டுவந்து கொட்டிய தொல்லை தாங்காமல்தான் 1997 வாக்கில் ஆல்டாவிஸ்டாக்காரர்கள் கோணல்மாணலான எழுத்துகளைக் காட்டி, படித்துத் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். இன்று நாம் எரிச்சலோடு கடந்துபோகும் கேப்ச்சாவுக்கு அது ஒரு முன்னோடி.

எனக்கு ஆல்டாவிஸ்டா வேறு விதத்தில் உதவியது. 1996-இல் அமெரிக்காவில் வந்த சட்டம் பாதரச ஆக்சைடு பட்டன் பேட்டரிகளின் விற்பனைக்குத் தடை போட்டது. ஒலிம்பஸ் ஓ.எம்.1, கேனனெட் கியூ.எல்.17 மாதிரியான கேமராக்களின் ஒளிமானிகள் பி.எக்ஸ். 625 என்ற பாதரச பேட்டரியின் மாறாத 1.35 வோல்ட்டை நம்பி வடிவமைக்கப்பட்டவை. அதே அளவு ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், போகப் போக இறங்கவும் செய்யும். அதைப் போட்டால் மானி வெளிச்சத்தைக் கூடுதலாகக் காட்டும், படம் இருட்டடிக்கும். ஸ்லைடு ஃபிலிம் போட்டவர்களுக்கு முழுச் சுருளும் போச்சு. இதற்கு மாற்று என்ன, காதுக்கருவிக்கு விற்கும் துத்தநாக-காற்று பேட்டரியைச் சுற்றிலும் ஒரு வளையம் வைத்து எப்படிப் பொருத்துவது, ஓரிரு மாதத்தில் அது ஏன் தீர்ந்துவிடும் என்று ஒரு நீளமான பக்கம் எழுதினேன். கீழே எந்தெந்த கேமராக்களுக்கு இந்தச் சிக்கல் வரும் என்று மாடல் பெயர்களை ஒரு அட்டவணையாக, எல்லோரும் பார்க்கும்படி கருப்பு எழுத்திலேயே போட்டேன்.

நான் செய்ததிலேயே பெரிய விளம்பரம் அந்த ஒரு பக்கம்தான். தன் கேமராவின் பெயரைத் தேடிய எவரும் அங்கே வந்து விழுந்தார்கள். வளையத்தை என்னிடம் வாங்கலாம், ரப்பர் வளையம் ஒன்றை நீங்களே வைத்தும் சமாளிக்கலாம் என்று இரண்டையும் எழுதியிருந்தேன். பலர் ரப்பர் வளையத்தோடு போனார்கள். சரி, போகட்டும். தங்கள் சொந்தப் பக்கங்களிலிருந்து அந்தப் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்ததும் அவர்கள்தான். 1998-இல் கூகுள் வந்து, யார் யாருக்கு இணைப்பு தருகிறார்கள் என்பதை வைத்து வரிசைப்படுத்தத் தொடங்கியபோது, அந்த இணைப்புகளுக்கெல்லாம் திடீரென்று மதிப்பு வந்துவிட்டது. நான் விரலைக்கூட அசைக்கவில்லை. வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்துவைத்தவர்கள் காணாமல் போனார்கள். (மெட்டா குறிச்சொல்லில் எழுதும் தேடுசொற்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை என்று 2009-இல் கூகுள் வெளிப்படையாகவே சொன்னது. அதற்குப் பிறகும் அதை நிரப்பித் தருவதாகக் காசு கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.)

பக்கத்தின் எடையும் விளம்பரத்தில் சேர்த்தி என்பது மோடம் காலத்துப் பாடம். 28.8 கிலோபிட் மோடத்தில் நொடிக்குச் சுமார் 3 கிலோபைட்தான் இறங்கும். 60 கிலோபைட் படம் ஒன்று வர இருபது நொடி. அதற்குள் ஆள் கிளம்பிவிடுவார். அதனால் எழுத்து முதலில் தெரியவேண்டும். படத்தின் அகலத்தையும் உயரத்தையும் எச்.டி.எம்.எல்.லிலேயே எழுதிவிட்டால், படம் வருவதற்கு முன்பே எழுத்து தன் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பெரிய படத்தை, வேண்டுகிறவர் சொடுக்கிப் பார்த்துக்கொள்ளட்டும். பட்டியல், தலைப்பு, உள்ளடக்கம் என்று தனித்தனிப் பக்கங்களை ஒரே திரையில் அடுக்கும் ஃபிரேம்களாகத் தளத்தைப் பிரித்துக் கட்டச் சொல்லிப் பலர் ஆலோசனை சொன்னார்கள். தேடுபொறி வழியாக வருகிறவர் பட்டியலும் தலைப்பும் இல்லாத அநாதைத் துண்டில் வந்து நிற்பார் என்பதால் அந்த யோசனையைத் தொடவே இல்லை.

இதுவரை வந்தவர் எண்ணிக்கையைப் பக்கத்திலேயே காட்டும் கவுண்டர் வெறும் அலங்காரம். 'ஹிட்' எண்ணிக்கை அதைவிட மோசம். ஒரு பக்கத்தில் ஒன்பது படம் இருந்தால், ஒருவர் ஒரு தடவை திறந்தாலே சர்வர் பதிவில் பத்து ஹிட். இதைச் சொல்லாமல், மாதம் இத்தனை லட்சம் ஹிட் என்று விளம்பர இடம் விற்றவர்கள் ஏராளம். பதிவுக் கோப்பில் எனக்கு உபயோகப்பட்டது, வந்தவர் எங்கிருந்து வந்தார், எந்தச் சொல்லைத் தேடி வந்தார் என்ற வரி. அடுத்து எதைப் பற்றி எழுதலாம் என்பதை அதுவே சொல்லிக்கொடுத்தது. 2011-இலிருந்து கூகுள் அந்தச் சொற்களை மறைக்கத் தொடங்கிய பிறகு, அதற்கு ஈடாக வேறெதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

தளங்கள் ஒன்றின் விளம்பரப் படத்தை மற்றொன்றில் காட்டிக்கொள்ளும் பேனர் பரிமாற்றம் நேர விரயம். 1996-இல் வந்த லிங்க்எக்ஸ்சேஞ்ச் முறை இது: பிறருடைய பேனரை நீங்கள் இரண்டு தடவை காட்டினால் உங்களுடையது ஒரு தடவை காட்டப்படும், மிச்ச இடத்தை நடத்துகிறவர்கள் விற்றுக்கொள்வார்கள். 1998-இல் மைக்ரோசாஃப்ட் அதை 26.5 கோடி டாலருக்கு வாங்கியது என்றால் அந்த மிச்சத்தின் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கேமராவையே கையால் தொடாதவருக்கு நுரைப்பட்டை பேனரைக் காட்டி என்ன ஆகப்போகிறது? ஒரே ஆர்வமுள்ளவர்கள் தங்கள் தளங்களை வட்டமாகக் கோத்துக்கொண்ட வெப்ரிங் இதைவிடப் பல மடங்கு தேவலை.

காசு வாங்குவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி. தளத்தைப் பார்த்தவர் மின்னஞ்சல் அனுப்புவார், நான் தொகையைச் சொல்வேன், காசோலை தபாலில் வரும். அவசரப்பட்ட சிலர் கார்டு எண்ணைப் பாதி பாதியாக இரண்டு மின்னஞ்சலில் அனுப்பி, அதைப் பெரிய பாதுகாப்பு என்று நம்பினார்கள். 1999-இன் கடைசியில் பேபால் வந்தபின் இந்தக் கூத்து ஓய்ந்தது. அதுவரை ஆர்டர் கை நழுவாமல் இருக்கச் செய்ய முடிந்தது ஒன்றுதான்: அன்றைய மின்னஞ்சலுக்கு அன்றைக்கே பதில். பெரிய நிறுவனங்கள் வாரக்கணக்கில் வாயே திறக்காத காலத்தில், ஒரு ஆள் கடைக்கு இது பெரிய பலம்.

விளம்பரத்தை யாராவது சொடுக்கினால் மட்டும் காசு என்ற முறையை 1998-இல் கோடூ.காம் என்ற தேடுபொறி கொண்டுவந்தது. யார் எவ்வளவுக்கு ஏலம் கேட்டிருக்கிறார் என்பது முடிவுக்குப் பக்கத்திலேயே வெளிப்படையாகத் தெரியும். ஒரு சென்ட்டுக்குக்கூட ஏலம் கேட்கலாம் என்ற அந்தக் காலத்தில், யாருக்கும் வேண்டாத தேடுசொற்கள் எனக்குக் கொள்ளை மலிவு. 2000-இல் வந்த கூகுளின் ஆட்வேர்ட்ஸ், 2002-இல் சொடுக்குக் கட்டணத்துக்கு மாறிய பிறகு அதையும் பயன்படுத்தினேன். மாடல் பெயரோடு 'பழுது' என்ற சொல்லும் சேர்ந்த தேடலுக்கு மட்டும் விளம்பரம் வைத்தால் கட்டுப்படியானது. 'கேமரா' என்ற ஒற்றைச் சொல்லுக்கு டிஜிட்டல் கேமரா விற்கிறவர்களோடு மோதினால் பணப்பை காலி.

பலர் இலவசமாகத் தளம் வைத்திருந்த ஜியோசிட்டீஸை 2009 அக்டோபரில் யாஹூ மூடியபோது, என் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்திருந்த ஆர்வலர் தளங்கள் கொத்துக்கொத்தாகப் போய்விட்டன. சொந்த டொமைன் வைத்திருந்ததால் என் முகவரி மட்டும் மாறாமல் நின்றது. இப்போது ஃபிலிம் கேமராவைத் தேடி இளைஞர்கள் மறுபடி வருகிறார்கள். கேட்பது அதே ஒட்டும் கருப்புப் பிசினையும் பி.எக்ஸ். 625-ஐயும் பற்றித்தான். சமூக ஊடகக் குழுக்களில்தான் கேட்கிறார்கள், நானும் அங்கேயே பதில் எழுதுகிறேன். ஆனால் அந்தப் பதில் குழுவுக்குள்ளேயே பூட்டிக்கிடக்கிறது. அடுத்த மாதம் அதே சந்தேகத்தோடு தேடுபொறிக்கு வருகிறவர் கண்ணில் படாது. அதனால் அங்கே எழுதுவதையெல்லாம் படத்தோடு என் தளத்திலும் ஏற்றிவைக்கிறேன், மாடல் பெயரைத் தலைப்பில் போட்டு.