மோரிஸ் மைனர் ஸ்டீயரிங்: பழைய ஷாஃப்டா, ஹாஃப்-கட் செட்டா, மின்மோட்டாரா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மோரிஸ் மைனர் 1000 என்ற பழைய பிரிட்டிஷ் கார் தாத்தா வாங்கியது. ரயில்வே பட்டறைக்கு அவர் ஓட்டிப் போய்வந்த வண்டி அது. இப்போது அப்பா ஓட்டுகிறார். போன வருஷம் அவருக்கு வலது தோளில் வலி வந்தது. "பார்க்கிங்ல திருப்பவே முடியலப்பா" என்றார். அன்றிலிருந்து ஸ்டீயரிங்கை இலகுவாக்கும் மூன்று வழிகளையும் அலசிவிட்டேன். இரண்டை எங்கள் வண்டியிலேயே செய்து பார்த்தோம். மூன்றாவதை நண்பர் ஒருவரின் மைனரில் ஓட்டிப் பார்த்தேன்.

முதல் வழி, பழைய ஷாஃப்டையே, அதாவது வீலிலிருந்து கீழே இறங்கும் தண்டையே, சீர் செய்வது. மைனர் 1948-இல் வந்தபோதே ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங்கோடுதான் வந்தது. ஷாஃப்டின் அடியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் (பினியன்) ஒரு பல் தண்டை (ரேக்) இடவலமாகத் தள்ளி முன்சக்கரங்களைத் திருப்பும். அடிப்படையில் நல்ல அமைப்பு. வீலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் 'டக் டக்' என்று ஆடுகிறதா? ஷாஃப்டின் மேல்முனையைத் தாங்கும் கம்பளி வளையமான ஃபெல்ட் புஷ்தான் பெரும்பாலும் காரணம். எங்களுடையதை உருவியபோது காய்ந்த சுருட்டுப் போல விரலிலேயே பொடிந்தது. புதிதை எண்ணெயில் ஊறவைத்துப் போட்டதும் ஆட்டம் நின்றது.

ஆனால் கனம் குறையவில்லை. அதற்குக் காரணம் கீழே, முன்சக்கரம் திரும்பும் மரையிட்ட மூட்டுகளான ட்ரனியன்களில் இருந்தது. கிரீஸ் ஏற்றும் முனையில் கிரீஸ் கன்னை வைத்து அடித்தால் உள்ளே போகவே இல்லை, பழைய கிரீஸ் கல்லாக இறுகிக் கிடந்தது. கழற்றிக் கழுவி, தேய்ந்த சாமானை மாற்றி, புது கிரீஸ் ஏற்றினோம். அப்புறம் அப்பா வீலைத் திருப்பிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மைனரின் எடை முக்கால் டன்தான், அது கையை முறிக்கும் அளவுக்குக் கனக்க நியாயமே இல்லை. ட்ரனியன் தேய்ந்து கழன்றால் முன்சக்கரமே மடிந்துவிடும். மைனர்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து இது. அதனால் எந்த வழிக்குப் போனாலும் முதலில் இதைப் பாருங்கள். அகல டயர் போட்டிருந்தால் அதையும் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. ஷாஃப்ட் ஒரே இரும்புத் தண்டு. மோதினால் மடியாது. 1968 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் விற்கும் புதுக் கார்களில், மணிக்கு 30 மைல் வேகத்தில் நேராக மோதும் சோதனையில் ஸ்டீயரிங் 5 அங்குலத்துக்கு மேல் பின்னால், ஓட்டுபவர் பக்கம், வரக்கூடாது என்று விதி போட்டார்கள். மைனர் அந்தக் கவலைக்கு முந்தைய காலத்து வண்டி.

அந்தப் பயத்தில்தான் முதலில் இரண்டாவது வழிக்குப் போனோம். கிள்ளான் பக்கத்து ஹாஃப்-கட் கடைகளில், அதாவது பாதியாக அறுத்து வரும் பழைய கார்களின் சாமான் விற்கும் கடைகளில், சின்ன ஜப்பான் கார்களின் ஸ்டீயரிங் செட் முழுதாகக் கிடைக்கும். மோதினால் மடியும் அமைப்பு, பூட்டு, சிக்னல் சுவிட்ச் எல்லாம் சேர்ந்தே வரும். சிக்கல் கீழ்முனையில்தான். அந்த செட்டின் பல்வரிசை மைனர் ரேக்கின் பினியனோடு பொருந்தாது. இடையில் ஒரு துண்டு ஷாஃப்டும், சாய்வாக நிற்கும் தண்டுகளை இணைக்கும் யூ-ஜாயின்ட் என்ற மூட்டு இரண்டும் வேண்டும்.

எங்கள் வண்டியை எடுத்துக்கொண்ட ஒர்க்‌ஷாப் குறுக்கு வழியில் போனது. இரண்டு ஷாஃப்டை முனைக்கு முனை வைத்து வெல்டிங் அடித்துவிட்டார்கள். சில வாரத்தில், நேராகப் போகும்போதே வீல் ஒரு விரலளவு சாய்ந்து நிற்கிறது என்றார் அப்பா. கீழே படுத்து, துணியால் அழுக்கைத் துடைத்தேன். வெல்டிங்கைச் சுற்றி முடி போல ஒரு கோடு ஓடியது. கழற்றி அறுத்துப் பார்த்தோம். வெல்டிங் தோலளவுக்குத்தான் பிடித்திருந்தது, நடுவில் இரண்டு முனையும் ஒட்டவே இல்லை. அப்பா அந்த வண்டியில் ஜாலான் ஈப்போவில் தினமும் போய்வந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஒழுங்காகச் செய்தால் இந்த வழி நல்லதுதான். இரண்டு பக்கமும் தட்டையாக்கிய ஷாஃப்டும் அதற்கேற்ற யூ-ஜாயின்ட்டும் வாங்குங்கள். திருகு உட்காரும் இடத்தில் ஷாஃப்டில் சின்னக் குழி போட்டு, லாக் நட் போடச் சொல்லுங்கள். ஜாயின்ட் மீது வெல்டிங் சூடு படவே கூடாது, உள்ளே இருக்கும் ஊசி பேரிங் கெட்டுவிடும். சாய்வும் முக்கியம். 30 டிகிரி சாய்வில் ஒற்றை ஜாயின்ட் இருந்தால், நீங்கள் வீலைச் சீராகச் சுற்றினாலும் கீழ் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சுமார் 15 சதவீதம் முந்தும், இரண்டு முறை சுமார் 13 சதவீதம் பிந்தும். இரண்டு ஜாயின்ட்டும் ஒரே அளவு சாய்ந்து, நடுத்துண்டின் இரு முனையிலும் உள்ள ஜாயின்ட் கவைகள் ஒரே நேராக இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று அடித்துவிடும். மூன்றாவது ஜாயின்ட் தேவைப்பட்டால் நடுவில் ஒரு தாங்கு பேரிங் கட்டாயம்.

மூன்றாவது வழி, வீலைத் திருப்ப உதவும் மின்மோட்டார் பூட்டிய ஸ்டீயரிங் செட். நண்பரின் வண்டியில் நின்ற இடத்திலேயே ஒரு விரலால் வீல் சுற்றியது. தோள்வலிக்காரருக்கு இதைவிட நிம்மதி இல்லை. ஆனால் மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பிளஸ் முனையை பாடியோடு இணைத்த வண்டி. அதை நெகட்டிவ்வாக மாற்றாமல் இதைப் பூட்டவே முடியாது. பழைய டைனமோ கொடுப்பது 22 ஆம்பியர் அளவுதான், மோட்டாரோ முழுத் திருப்பத்தில் அதற்கு மேலேயே இழுக்கும். ஆக டைனமோவுக்குப் பதில் அதிக மின்சாரம் கொடுக்கும் ஆல்டர்னேட்டரும் வேண்டும். வண்டியின் வேகத் தகவல் கிடைக்காமல் ஓடும் செட்டுக்கு, உதவியைக் கூட்டிக் குறைக்கும் திருகு டாஷ்போர்டில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் வீல் பஞ்சாக மிதக்கும். மோட்டாரின் விசை கீழே உள்ள ஜாயின்ட் வழியாகத்தான் போகிறது என்பதால், இரண்டாவது வழிக்குச் சொன்ன கவனமெல்லாம் இங்கே இரட்டிப்பாக வேண்டும்.

இரண்டாவதோ மூன்றாவதோ, கை வைக்கும் முன் ஜேபிஜே-யிலும் (சாலைப் போக்குவரத்துத் துறை) இன்சூரன்ஸிலும் கேட்டுவிடுங்கள். பழைய ஷாஃப்டை அறுக்கவே விடாதீர்கள். எங்களுடையதைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் திரும்பப் பூட்டி, மேலே சொன்ன முதல் வழிக்கு வர முடிந்தது.

என் தேர்வு இப்போதைக்கு முதல் வழிதான். அதில் அப்பா பத்துமலை வரை போய்வருகிறார். தோள்வலி கூடினால் இரண்டாவதைத் தாண்டி நேராக மூன்றாவதுக்குப் போவோம். அதற்காக ஆல்டர்னேட்டர் வேலையை மட்டும் அடுத்த மாதமே ஆரம்பிக்கிறோம்.