பின்பக்க ‘டொக்’: ஷாக்கா, புஷ்ஷா, ஸ்டெப்னியா?

பத்து வயது தாண்டிய கார் வேகத்தடையில் இறங்கும்போது பின்னால் ‘டொக்’ என்றால், ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “ஷாக் (ஷாக் அப்சார்பர்) போச்சு சார், ஜோடியா மாத்திடலாம்.” சில நேரம் அது சரிதான். ஆனால் புது ஷாக் போட்டுக்கொண்டு வெளியே வந்த வண்டி, தெருமுனை வேகத்தடையிலேயே பழைய சத்தத்தைப் போடுவதும் சகஜம். ஷாக்கின் வேலை ஆட்டத்தை அடக்குவது. சத்தமோ இரும்பும் இரும்பும் மோதுகிற இடத்தில் பிறக்கிறது. அங்கே குறுக்கே நிற்பது ஒரு ரப்பர் புஷ். வெயிலும் தண்ணீரும் வயதும் முதலில் தின்பது அந்த ரப்பரைத்தான்.

சந்தேகப் பட்டியல் வண்டிக்கு வண்டி மாறும். ஆல்டோ, பழைய வேகன் ஆர் போன்றவற்றில் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முழு ஆக்சில், அதை முன்பக்கமாகப் பிடித்திருக்கும் இரண்டு நீளக் கைகள், ஆக்சிலின் ஒரு முனையிலிருந்து பாடியின் மறுபக்கத்துக்குக் குறுக்கே ஓடும் லேட்டரல் ராடு. 2005-ல் வந்த ஸ்விஃப்டில் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரத்தையும் இணைத்து முறுக்குக்கு இசைந்து கொடுக்கும் உத்தரம்; பாடியோடு அது சேருவது முன்பக்கம் இரண்டே இரண்டு பெரிய புஷ்களில். ஆம்னி, அம்பாசடர் என்றால் பட்டை ஸ்பிரிங், அதன் ஒரு முனையைப் பாடியோடு இணைக்கும் ஷேக்கிள், பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு-போல்ட். முதல் வகையில் தேய இடம் அதிகம், ஆனால் ஒவ்வொன்றும் சின்ன வேலை. இரண்டாவதில் தேடுவது சுலபம், மாற்றுவது பெரிய வேலை. பட்டை வண்டியில் யு-போல்ட் தளர்ந்ததா, ஷேக்கிள் புஷ் முட்டையாகத் தேய்ந்ததா, பட்டையின் சென்டர் போல்ட் உடைந்ததா என்று மூன்றைப் பார்த்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். மேற்கொண்டு அதைப் பற்றிப் பேச அதிகமில்லை.

அடியில் போகும் முன்

டிக்கியை முழுக்கக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் பை, பார்சல் தட்டு எல்லாம் வெளியே. அதே சாலை, அதே வேகம், ஒரு சுற்று. ஸ்டெப்னியைப் பிடிக்கும் திருகு ஒரு சுற்றுத் தளர்ந்தாலே கேட்கும் சத்தம், போன புஷ்ஷின் சத்தத்தோடு அப்படியே ஒத்துப்போகும். அடுத்து, பின் சீட்டின் முதுகுப்பகுதி மாட்டும் கொக்கியில் ஒரு துணியைச் சுற்றிப் பாருங்கள். டிக்கி பூட்டின் வளையத்தில் நான்கு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பாருங்கள். சைலென்சர் ஆறியிருக்கும்போது பின் முனையைப் பிடித்து நாலாபக்கமும் ஆட்டுங்கள். தொங்கும் ரப்பர் ஒன்று அறுந்திருந்தால் குழாய் ஆக்சிலிலோ பாடியின் அடித்தகட்டிலோ இடிக்கும். சமீபத்தில் பஞ்சர் பார்த்த வண்டி என்றால் சக்கர நட்டுகளை முதலில் தொடுங்கள். இது சத்தப் பிரச்சினை மட்டுமல்ல, உயிர்ப் பிரச்சினையும்.

இதற்கெல்லாம் அரை மணி நேரம், செலவு பூஜ்யம். இதைச் செய்யாமல் எந்த உதிரியும் வாங்க வேண்டாம்.

ஷாக் எதிர் புஷ்

சத்தம் எப்போது வருகிறது என்பதே பாதி விடை. இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும் அகல வேகத்தடையில் ஒரு கனமான ‘டொக்’ என்றால் ஷாக்கின் மேல் அல்லது கீழ் முனை புஷ், ஸ்பிரிங் இருக்கை, பம்ப் ஸ்டாப் (ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது தாங்கும் ரப்பர்) ஆகியவை முன்னால் நிற்கும். ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழும்போது, அல்லது பள்ளம் மேடான மண் பாதையில் வண்டி இடம் வலமாக ஆடும்போது ‘லொடக் லொடக்’ என்றால் லேட்டரல் ராடின் புஷ்ஷைப் பாருங்கள். பின்பக்க ஸ்டெபிலைசர் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) உள்ள பெரிய கார் என்றால் அதன் லிங்க். மேடு பள்ளமே இல்லாமல் பிரேக்கை அழுத்தும்போதும் விடும்போதும் ஒரே ஒரு ‘டக்’ என்றால் நீளக் கையின் புஷ் அல்லது பீம் புஷ். நான்கு பேர் ஏறினால் மட்டும் இடிக்கிறது என்றால் பம்ப் ஸ்டாப் பொடிந்து உதிர்ந்திருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்து தாழ்ந்திருக்கலாம்.

பின்பக்கத்தைக் கையால் அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் சோதனைக்கு அளவுக்கு மீறிய மரியாதை கொடுக்கிறோம். அடியோடு செத்த ஷாக்கை அது காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். பாதி தேய்ந்த ஷாக் அதில் பாஸாகிவிடும். புஷ்ஷைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாது. அதே அமுக்கலை ஒருவர் செய்ய, இன்னொருவர் ஷாக்கின் கீழ் முனையில் விரல் நுனியை வைத்துப் பார்ப்பது பத்து மடங்கு பயன்படும். போல்ட்டும், அது நுழையும் ஷாக் முனையின் வளையமான ‘கண்’ணும் சேர்ந்து நகர்ந்தால் நல்லது. போல்ட் நிற்க, கண் மட்டும் துள்ளினால் விரலே சொல்லிவிடும். ஸ்பிரிங் சுருளுக்குள் மட்டும் விரலை விடாதீர்கள்.

மேல் முனையில் வேறொரு கதை. பல வண்டிகளில் ஷாக்கின் தண்டு பாடித் தகட்டின் துளை வழியே மேலே வந்து, கீழே ஒரு ரப்பர், மேலே ஒரு ரப்பர், வாஷர், இரட்டை நட் என்று முடியும். நட்டைத் திறந்து பார்க்க டிக்கியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் போதும். ரப்பர் அப்பளமாகத் தட்டையாகியிருந்தால் தண்டு துளையின் விளிம்பில் அடிக்கும். தகட்டில் பெயின்ட் உரிந்து பளபளவென்று ஒரு வளையம் தெரியும். அது தெரிந்துவிட்டால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை. ஷாக்கை மாற்றியும் சத்தம் போகாத வண்டிகளில் பாதிக்கதை இங்கேதான்: புது ஷாக்கில் பழைய ரப்பரையே திரும்பப் போட்டிருப்பார்கள், அல்லது குழிவான வாஷரைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள்.

ஷாக்கே குற்றவாளியா என்று உறுதியாகத் தெரிய அதைக் கழற்றத்தான் வேண்டும். நிமிர்த்திப் பிடித்து முழு நீளத்துக்கும் நான்கைந்து முறை இழுத்து அமுக்குங்கள். படுக்கப் போட்டிருந்த ஷாக்கின் உள்குழாயில் காற்று சேர்ந்திருக்கும், அதனால் முதல் சில இழுப்பு வெற்றாகப் போவது குறையல்ல. அதற்குப் பிறகும் திசை மாறும் இடத்தில் கொஞ்ச தூரம் தடையின்றி நழுவி ‘டக்’ என்று பிடித்தால் உள்ளே வால்வோ பிஸ்டனோ போய்விட்டது. வெளியே எண்ணெய் ஒழுகாமலும் இது நடக்கும். மறுபுறம், தண்டின் அருகே லேசான எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தால் பதற வேண்டாம். உடம்பின் பாதி வரை எண்ணெயும் புழுதியும் சேறாகப் படிந்திருந்தால்தான் கசிவு.

லிஃப்டா, பிட்டா?

இந்த ஒரு விஷயத்தில் பழைய முறை ஜெயிக்கிறது. இரட்டைத் தூண் லிஃப்டில் வண்டியைத் தூக்கினால் பின் சக்கரங்கள் தொங்கும். ஆக்சிலின் எடை எல்லாப் புஷ்களையும் ஒரே பக்கமாக இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தளர்வு ஒளிந்துகொள்ளும், கம்பி போட்டு நெம்பினாலும் “எல்லாம் டைட்டா இருக்கு” என்றுதான் தோன்றும். ஆள் கீழே இறங்கிப் பார்க்கும் குழியான பிட்டிலோ, சக்கரங்கள் தட்டில் நிற்கும் நான்கு தூண் லிஃப்டிலோ வண்டி தன் எடையில் நிற்கும். மேலே ஒருவர் பின் கதவுத் தூணைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்ட, கீழே ஒருவர் லேட்டரல் ராடின் இரு முனையிலும் கை வைத்தால் ஐந்து நிமிடத்தில் முடிவு தெரியும்.

நெம்பிப் பார்ப்பதற்கும் ஒரு அளவு உண்டு. ரப்பர் புஷ் சில மில்லிமீட்டர் இசைந்து கொடுத்து மெதுவாகத் திரும்பினால் அது அதன் இயல்பு. வெளித்தோலில் மெல்லிய வெடிப்பு இருப்பதும் வயதின் சுருக்கம்தான். உள்ளே இருக்கும் இரும்புக் குழல் ரப்பரை விட்டுத் தனியாகப் பிரிந்திருந்தால், அல்லது நெம்பும்போது ‘டக்’ என்று மறுபக்கம் போய் இடித்தால் அதை மாற்றியாக வேண்டும்.

வீட்டிலேயே செய்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: இந்த வண்டிகளில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. பின்பக்கம் தூக்கியதும் அது வண்டியை நிறுத்தி வைக்காது. முன் சக்கர டிரைவ் வண்டி என்றால் முதல் கியரிலும் போட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கியோடு நில்லாமல் ஸ்டாண்டும் வைத்த பிறகே கீழே போக வேண்டும்.

பிரேக் போடும் வேஷம்

டிரம் பிரேக் லைனிங் தட்டுவதும் சஸ்பென்ஷன் சத்தம் போலவே இருக்கும். பிரித்தறிய, ஆளில்லாத இடத்தில் 15 கி.மீ. வேகத்தில் மேடு பள்ளத்தில் ஓட்டி, ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லீவரை ஓரிரு பல் மட்டும் தூக்குங்கள். சத்தம் அடங்கினால் லைனிங்கைப் பிடிக்கும் பின்னும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கின்றன, டிரம்மைக் கழற்றுங்கள். அடங்காவிட்டால் புஷ் பக்கம் திரும்புங்கள். ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் போகும்போது முதல் பிரேக்கில் மட்டும் ஒரு ‘கிளிக்’ என்றால் அது லைனிங் தன் இடத்தில் நகர்ந்து உட்காரும் சத்தம்.

ஸ்பிரிங் விஷயம் சுருக்கமானது. சமதரையில், காலி வண்டியில், இரு பக்கமும் ஒரே காற்றழுத்தம் வைத்து, சக்கர மையத்திலிருந்து மேலே வளைவின் விளிம்பு வரை டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங்கின் கடைசிச் சுருள் இருக்கைக்குள்ளேயே உடைந்திருக்கலாம். வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

எதைப் போடுவது?

லேட்டரல் ராடுக்குப் புஷ் மட்டும் அழுத்திப் போடலாம், அல்லது புஷ்ஷோடு முழு ராடாக வாங்கலாம். பக்கத்தில் பிரஸ் இல்லாத ஊரில் முழு ராடே நல்லது. சுத்தியலால் அடித்து ஏற்றிய புஷ் ஓரம் கிழிந்து ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. டார்ஷன் பீமுக்குப் புஷ்தான் வழி. அதில் ரப்பருக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று பழையதைக் கழற்றும் முன் பீமில் கோடு போட்டு வையுங்கள். திசை மாறினால் சத்தம் போகும், வண்டியின் நிதானமும் சேர்ந்து போகும். ஏற்றும்போது சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸும் இன்ஜின் ஆயிலும் ரப்பரை ஊதவைக்கும்.

பாலியூரிதேன் புஷ் நீடிக்கும் என்பது உண்மை. லேட்டரல் ராடில் போட்டால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் ஆல்டோ வகையின் மூன்று கம்பி ஆக்சிலில் (இரண்டு நீளக் கை, ஒரு லேட்டரல் ராடு), நீளக் கையின் ஆக்சில் பக்கத்துப் புஷ்களுக்கு அதைப் போடக் கூடாது. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போது ஆக்சில் சாய வேண்டும், அந்தச் சாய்வுக்கு இடம் கொடுப்பதே அங்கிருக்கும் ரப்பரின் இசைவுதான். கடினமான புஷ் அதைத் தடுத்தால் சுமை போல்ட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் போகும்.

ஷாக் மாற்றத்தான் வேண்டும் என்றால் ஜோடியாக, மேல் கீழ் ரப்பர்களையும் புதிதாக வாங்கிப் போடுங்கள். ரப்பரின் விலை ஷாக் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

எந்த உதிரியைப் போட்டாலும் கெடுக்கக்கூடிய தவறு ஒன்று உண்டு: சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுவது. புஷ்ஷின் உள்குழல் அந்தக் கோணத்திலேயே பிடிபட்டு, வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். சில மாதத்தில் கிழியும். கையால் மட்டும் திருகி வைத்துவிட்டு, வண்டியை இறக்கி, இரண்டு முறை அமுக்கி ஆட்டிவிட்டு, பிட்டில் நிறுத்திக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். நட்டிலும் பிராக்கெட்டிலும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு இழுங்கள். 500 கி.மீ. ஓடியபின் கோடு விலகியிருந்தால் மறுபடி இறுக்கலாம். விலகாமலேயே ‘டொக்’ திரும்பி வந்தால் அடுத்துத் தேட வேண்டியது எதிர்ப்பக்கத்தில். டிக்கியில் உட்கார்ந்து கேட்டால் இடப்பக்கத்துச் சத்தம் வலப்பக்கம்போலக் கேட்பது சாதாரணம்.